பழுதும் பழசும்

யந்திரங்களைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. பள்ளியை விட்ட பிறகு விஞ்ஞானப் புத்தகம் எதையும் தொட்டவனல்ல. கல்லூரியிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஆனால் எழுத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. கெட்டுப்போன யந்திரத்தைச் சரிசெய்யும் வழியைச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதுவும் எழுத்துத்தான். நாவலையும் கவிதையையும் விமரிசிக்க நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். இந்த வகை எழுத்தைத் தரம் பார்த்துச் சொல்ல ஒருவரும் முன்வருவதில்லை. சென்ற கார்த்திகையில் பத்து நாள் அதை மட்டுமே படிக்க வேண்டியதாயிற்று எனக்கு. படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில், ஓர் அறையை வாடகைக்கு எடுத்து நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். மடியில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் எனக்கு ஒத்துவருவதில்லை, கழுத்து வலிக்கிறது. ஆகையால் 2011-ல் வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டரையே, பெட்டி வேறு மானிட்டர் வேறாக, போளூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தேன். பதினாலு அத்தியாயம் முடிந்திருந்தது. மழை விட்டும் விடாத நாட்கள். சுவரெல்லாம் ஈரம். மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது.

ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்தினால் திரையில் செங்குத்தாகப் பச்சைக் கோடுகள். கோடுகளுக்கு இடையே, கோலப்பொடி சிந்தியதுபோல, செம்புள்ளிகள். எழுத்துக்கள் பாதி தெரிந்தன. பாதி இடம் மாறிப் போயிருந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் கறுத்துவிட்டது. வீட்டுக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்து, “டீவி போயிடுச்சுங்களா ஐயா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். பதினாலு அத்தியாயமும் போயிற்று என்றே அப்போது நினைத்தேன். பிரதி எடுத்து வைக்கும் ஒழுக்கம் என்னிடம் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மறுநாள் பெட்டியை மட்டும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு, காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறங்கினேன். கடையில் இருந்த பையன் கெட்டிக்காரன். தன் மானிட்டரை என் பெட்டியில் மாட்டினான். அதிலும் அதே பச்சைக் கோடு.

“பார்த்தீங்களா சார்? பதினாலு வருஷத்து போர்டு. இதுக்கு மேல காசு போடாதீங்க. புதுசா ஒண்ணு எடுத்துடுங்க.”

“என்ன கெட்டிருக்கிறது?” என்று கேட்டேன்.

“எல்லாமே பழசு சார்.”

“அது இருக்கட்டும். கெட்டது எது?”

“விண்டோஸ் பத்துக்கே 2025 அக்டோபர் 14-ஓட நிறுத்திட்டாங்க. இதுல பதினொண்ணு ஏறாது சார்.”

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. விண்டோஸ் 10-க்கு அந்தத் தேதியோடு ஆதரவு முடிந்தது. 11-ஐ ஏற்றிக்கொள்ள வேண்டிய பாதுகாப்புச் சில்லும் பிராசஸரும் என் பெட்டியில் இல்லை. ஆனால் நான் கேட்டது பழுதைப் பற்றி. அவன் பதில் சொன்னது பழசைப் பற்றி. நான் இரண்டு தரம் கேட்டேன். அவன் இரண்டு தரமும் வயசையே சொன்னான். எழுத்தில் இரண்டெழுத்து வித்தியாசந்தானே, அவனை மட்டும் குற்றம் சொல்வானேன் என்று பெட்டியை மறுபடி சாக்கில் கட்டினேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆலங்காயம் தாண்டி மேலே ஏறினால் காவலூர். அங்கே இருப்பது வைணு பாப்பு வானாய்வகம். போகும்போது பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததில் அதன் நினைவே வரவில்லை. வரும்போது வந்தது.

1968-ல் 38 செண்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை வைத்து இந்த இடத்தைத் தொடங்கினார்கள். 1972-ல் ஜெர்மனியின் ஜெய்ஸ் கம்பெனி செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த வருஷமே, வியாழனின் சந்திரனான கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதைச் சுற்றி மெல்லிய வாயு மண்டலம் இருப்பதற்கான தடயம் இங்கே கிடைத்தது. 1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. அதன் வளையங்கள் வெளிப்பட்ட அந்த இரவில், உலகத்தில் கண் விழித்திருந்த சில இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. அதற்காகப் பாடுபட்ட பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார்; பெயர் மட்டும் அதற்கு வைக்கப்பட்டது.

தொலைநோக்கி என்றால் அதன் உயிர் கண்ணாடி. ஆனால் கண்ணாடி தானாக ஒன்றையும் பதிவுசெய்யாது; அது சேர்த்துக் கொடுக்கும் ஒளியை வேறொன்று வாங்கிப் பதிய வேண்டும். ஒரு காலத்தில் அது போட்டோத் தகடு. பிறகு ஒளியைப் பெருக்கிக் காட்டும் குழாய்கள் வந்தன. அதற்கும் பிறகு சி.சி.டி. என்னும் சில்லு. 1969-ல் பெல் ஆய்வகத்தில் பாய்லும் ஸ்மித்தும் யோசித்த அந்தச் சில்லுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது. உலகத்துத் தொலைநோக்கிகளில் எல்லாம் இந்த வாங்கும் கருவி மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கண்ணாடி மாறவில்லை. கண்ணாடியிலும் மேலே இருக்கும் அலுமினியப் பூச்சு மங்கும். மங்கினால் அதை எடுத்துவிட்டுப் புதுப் பூச்சுப் போடுவார்கள். 2.34 மீட்டர் கண்ணாடியைச் செதுக்கி மெருகிட்டது பெங்களூரில். பூச்சு மங்கிற்று என்பதற்காகவா அதைத் தூக்கிப் போடுவார்கள்? அவர்கள் புதிது வாங்காதவர்களும் அல்ல, 2014-ல் 1.3 மீட்டரில் புதியதொன்று அங்கே வந்திருக்கிறது. பழையதைப் பழையது என்ற ஒரே காரணத்துக்காகக் கழிக்கவில்லை, அவ்வளவுதான்.

மரங்களுக்கு மேலே குவிமாடம் தெரிந்து மறைந்தது. பெட்டி என் காலடியில் இருந்தது. என்னுடையதில் கண்ணாடி எது, பூச்சு எது என்று தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றிற்று.

பெங்களூரில் இருக்கும் தங்கை மகனுக்கு டெலிபோன் செய்தேன். மலையில் சிக்னல் கிடைக்க மேட்டில் ஏறி நிற்க வேண்டும். அவன் முதலில் சொன்ன வார்த்தையே என் வயிற்றில் பால் வார்த்தது.

“மாமா, படம் கெட்டா கதை கெடாது. நீங்க எழுதினது ஹார்டு டிஸ்க்ல இருக்கு. கோடு விழறது கிராபிக்ஸ் கார்டுல. சரி, ஒண்ணு சொல்லுங்க. முதல்ல கம்பெனி பேர் வருதே, அப்பவே கோடு விழுதா, இல்ல விண்டோஸ் வந்தப்புறமா?”

“முதலிலேயே விழுகிறது.”

“அப்ப டிரைவர் மேல தப்பு இல்ல. மானிட்டர் மாத்திப் பார்த்தீங்களா?”

“கடையில் பார்த்தார்கள். அதிலும் விழுந்தது.”

“அப்ப மானிட்டரும் ஒயரும் தப்பிச்சாச்சு. தூசி தட்டினீங்களா?”

இப்படிக் கேள்வி கேள்வியாக அவன் குற்றவாளியை நெருங்கினான். கடைப் பையன் செய்த அதே சோதனையிலிருந்து இவன் வேறு முடிவுக்கு வந்தான். ஒருவன் கோட்டைப் பார்த்துப் பெட்டியைத் தண்டித்தான். மற்றவன் அந்தக் கோட்டைக் கொண்டே இரண்டு பேரை நிரபராதி என்று விடுவித்தான்.

சில கட்டுரைகளை அனுப்பிவைக்கிறேன், படித்துவிட்டுச் செய்யுங்கள் என்றான். கைப்பேசியின் சின்னத் திரையில் அவற்றைப் படித்தேன். அவன் அனுப்பியவை போதாமல் நானே தேடியும் படித்தேன். தமிழிலும் படித்தேன், ஆங்கிலத்திலும் படித்தேன்.

முதலில் தமிழ். நம்மவர்களில் ஒரு சாரார் கிராபிக்ஸ் கார்டை ‘வரைகலை அட்டை’ என்றும், மதர்போர்டைத் ‘தாய்ப்பலகை’ என்றும் எழுதிவிட்டு அத்தோடு கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். வார்த்தையில் எனக்குச் சண்டையில்லை. வாணியம்பாடிக் கடையில் போய் வரைகலை அட்டை வேண்டும் என்று கேட்டால் கல்யாணப் பத்திரிகை மாதிரி எடுத்துக் காட்டுவார்கள் என்ற ஒரு கஷ்டம்தான். என் சண்டை வேறு. அவர்கள் வாசகனோடு பேசுவதில்லை. ‘அட்டையானது அகற்றப்பட வேண்டும்’ என்றால், யார் அகற்றுவது? எந்தக் கையால்? இழுத்து வராவிட்டால் என்ன செய்வது? பெ. நா. அப்புஸ்வாமி (1891–1986) தொழிலால் வக்கீல். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவதற்கு ஆயுளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். நூலகத்தில் அவரைப் படித்த பையன்களில் நானும் ஒருவன். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான் என்ற நினைவு அவர் எழுத்தில் இருக்கும். அந்த நினைவுதான் இப்போது காணாமற் போயிருக்கிறது.

ஆங்கிலத்தில் வேறு விதமான குறை. அங்கே எழுதுகிறவர்கள் ஆளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஆனால் ஆள் யார் என்பதில் தவறு செய்கிறார்கள். படிப்பவன் வீட்டில் இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கிறது, இன்னொரு கார்டு இருக்கிறது, பக்கத்துத் தெருவில் கடை இருக்கிறது, அவன் கார்டு மாற்றுவதெல்லாம் விளையாட்டு இன்னும் வேகமாக ஓடத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு எழுதுகிறார்கள். எழுத்து மட்டும் தெரிந்தால் போதும் என்று மலைமேல் உட்கார்ந்திருக்கும் ஆசாமி அவர்கள் மனத்தில் வருவதேயில்லை.

இவற்றுள் எனக்கு மிகவும் சுவாரஸ்யமாக இருந்தது அடுப்புக் கதைகள். கெட்டுப்போன கார்டை ரொட்டி சுடும் அடுப்பில் சுமார் 200 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்து எடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பது ஒரு பிரசித்தமான வைத்தியம். செய்து பார்த்துப் பலித்தவர்கள் பரவசமாக எழுதுகிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்கவில்லை. கார்டு சூடாவதும் ஆறுவதுமாக வருஷக்கணக்கில் இருப்பதால், சில்லுக்கும் பலகைக்கும் நடுவிலோ சில்லுக்கு உள்ளேயோ நுண்ணிய இணைப்புக்களில் விரிசல் விடுகிறது. ஐரோப்பாவில் 2006 ஜூலை முதல் தேதியிலிருந்து ஈயம் கலந்த பற்றுக்குத் தடை வந்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பழைய பற்று 183 டிகிரியில் உருகும். ஈயமில்லாத புதியது 217 டிகிரி வாக்கில்தான் உருகும். அதற்குப் பிறகு வந்த கார்டுகளில் 200 டிகிரிச் சூட்டில் அந்தப் பற்று உருகவே உருகாது. உள்ளே ஏதோ கொஞ்சம் விரிந்து, தொட்டுக்கொண்டு, சில நாள் ஓடுகிறது. இந்தக் கோளாறு வீட்டு அடுப்புக்கு வருமுன்பே பெரிய இடங்களைத் தொட்டிருக்கிறது. 2008 ஜூலையில் என்விடியா கம்பெனி, மடிக்கணினிகளுக்குப் போன சில சில்லுகளில் இணைப்புப் பொருள் சரியில்லாததற்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

அடுப்புக் கதைகளில் கதாசிரியன் கண்ணுக்குப் படும் குறை ஒன்று உண்டு. எல்லாம் மறுநாளே எழுதப்பட்டவை. திரை வந்துவிட்டது, ஆச்சரியக்குறி, முற்றும். ஆறு மாசம் கழித்து என்னவாயிற்று என்று திரும்பி வந்து எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கல்யாணத்தோடு முடியும் கதைகளைத் தமிழில் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்! சமைக்கும் அடுப்பில் இந்த ரசாயனங்களைச் சுட்டால் வரும் புகை உடம்புக்கு ஆகாது என்பதையும் பெரும்பாலோர் சொல்லவில்லை.

நல்ல எழுத்து கிடைக்காமல் போகவில்லை. ஒரே ஒரு கட்டுரை, நீளமானது, அலங்காரமில்லாதது. சந்தேகத்தை வரிசைப்படுத்தி வைத்திருந்தார் அதை எழுதியவர். ஒயர், திரை, தூசி, டிரைவர், பவர் சப்ளை, கடைசியில் கார்டு. ஒவ்வொரு படியிலும், இதோடு சரியாகிவிட்டால் மேலே படிக்காதே, பெட்டியை மூடு என்று சொல்லியிருந்தார். தன் கட்டுரையைப் பாதியில் மூடச் சொல்லும் எழுத்தாளரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புது கார்டு வாங்கும் கட்டத்தில் அவர் காட்டிய பொறுமையும் பெரிது. ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு 75 வாட் வரைதான் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து தனி ஒயர் வர வேண்டும், ஆறு முனை ஒயர் இன்னொரு 75, எட்டு முனை 150. பழைய பெட்டியின் சின்ன பவர் சப்ளையைப் பார்க்காமல் பெரிய கார்டை வாங்காதே. பெட்டியின் நீளத்தை அள. சில பழைய மதர்போர்டுகள் மிகப் புதிய கார்டை அடையாளம் கண்டுகொள்ளாது, விசாரித்துக்கொள். உன் மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. முனை மட்டும் இருந்தால் அந்த முனை உள்ள கார்டாகப் பார்.

பெயரைப் பார்த்து வாங்காதே என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. ஜி.டி. 1030 என்று ஒரு சின்ன கார்டு 2017-ல் வந்தது. மறு வருஷம் அதே பெயரில் வேறு நினைவகம் போட்டு இன்னொன்று வந்தது. முதலாவது விநாடிக்கு 48 ஜிகாபைட் கடத்தும், இரண்டாவது 17-க்குள்தான். பெட்டி மேல் பெயர் ஒன்றே. இதைப் படித்தபோது எனக்கு நம் பதிப்புலகம் ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

இனி, படித்ததைக் கையால் செய்த கதை. அது சின்னது. முதலில் பழைய கார்டையே கழற்றினேன். மின்சார ஒயரைப் பிடுங்கி, பொத்தானைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டு என் உடம்பில் இருக்கும் மின்சாரத்தையும் போக்கிக்கொண்டேன். பின்புற ஸ்குரூவை எடுத்தாயிற்று. இழுத்தால் வரவில்லை. ஸ்லாட்டின் கோடியில் ஒரு குட்டி பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. அதை அழுத்தினால்தான் விடும். முரட்டுத்தனமாக இழுத்தால் கொக்கி ஒடியும். இந்தக் கொக்கியைச் சொல்லாத கட்டுரைகளை நான் மன்னிக்கத் தயாராயில்லை. ஃபேனில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. சில்லின் மேல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாகப் பொரிந்திருந்தது. துடைத்து, புது பேஸ்ட் வைத்து, மாட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கோடு இல்லை. பிறகு வந்துவிட்டது. நானும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் கட்டுரை எழுதியிருந்தால் அடுப்புக்காரர்களோடு சேர்ந்திருப்பேன்.

தங்கை மகன் அடுத்த வாரம் வரும்போது ஜி.டி. 710 என்னும் பழைய மாடல் கார்டு ஒன்றை வாங்கி வந்தான். 19 வாட் போதும் அதற்கு. தனி ஒயர் வேண்டாம். நீல முனையும் இருக்கிறது. மாட்டினோம். கம்பெனி பெயர் சுத்தமாக வந்தது. பதினாலு அத்தியாயமும் இருந்தன. முதல் காரியமாக இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தான். கடைப் பையன் சொன்ன ஆட்சேபத்துக்கும் மரியாதை கொடுத்தோம். ஆதரவு நின்றுபோன விண்டோஸோடு வெளியுலகச் சகவாசம் கூடாது என்று இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டான். நாவல் எழுத அது தேவையும் இல்லை.

அந்த ஒரு வாரம் நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. கம்ப்யூட்டர் இல்லாததால் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்த புத்தகங்களில் ஒரு முதல் நாவல். சுமார் இருபது வருஷத்துக்கு முன், நான் எழுத வந்த புதிதில், ஒரு பத்திரிகையில் நான் மதிப்புரை எழுதிய புத்தகம். பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியது. அதைச் செப்பனிட முடியாது, எடுத்து வைத்துவிட்டு வேறு புதிதாக எழுதுவதே ஆசிரியைக்கு நல்லது என்று முடித்திருந்தேன். வாணியம்பாடிக் கடையில் அந்தப் பையன் புதுசா எடுத்துடுங்க என்றபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்ததில்தான் இந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. அந்த அம்மாள் அதன் பிறகு இன்னொரு நாவல் எழுதவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டால் என் மதிப்புரைக்கு இல்லாத பலத்தைக் கொடுப்பதாகும். ஆனாலும் சொன்னது சொன்னதுதானே.

இப்போது வரிசையாகச் சோதித்துப் படித்தேன். கோடு எங்கே ஆரம்பிக்கிறது? முதல் நூற்று இருபது பக்கத்தில் இல்லை. கிராமத்து ஜனங்கள் தங்கள் பேச்சையே பேசுகிறார்கள். அந்தப் பெண் ஏன் வீட்டை விட்டுப் போனாள் என்பது மெதுவாக, சரியாக விழுகிறது. பட்டணத்துக்குப் போன பிறகு எல்லாரும் மேடைத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தப் பெண்கூட. அங்கிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் கோடு. ஆனால் அந்த மேடைப் பேச்சுக்குப் பின்னால் சம்பவங்கள் தடம் மாறவில்லை. அவள் எடுக்கும் முடிவுகள் முதல் பாதியில் பார்த்த அதே பெண்ணின் முடிவுகள்தாம். பேச்சை மட்டும் மாற்றி எழுதியிருந்தால் போதும். இதை அன்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு இன்னொரு தரம் படித்திருக்க வேண்டும், நான் படிக்கவில்லை. புத்தகம் பழைய பாணி என்று பத்தாவது பக்கத்திலேயே தீர்மானித்துவிட்டிருந்தேன்.

புதுக் கார்டு போட்ட கம்ப்யூட்டரில் முதலில் அடித்தது என் பதினைந்தாவது அத்தியாயம் அல்ல. இந்த நாவலைப் பற்றி மறுபடி ஒரு மதிப்புரை. ஆறு பக்கம் வந்திருக்கிறது. அச்சாகுமுன் அந்த அம்மாளுக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று அவர் இருக்கும் இடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய கார்டைத் தங்கை மகன் எடுத்துப் போனான். பெங்களூரில் மின்கழிவு வாங்கிக்கொள்ளும் இடம் இருக்கிறதாம். 2022-ல் உலகத்தில் சேர்ந்த மின்கழிவு ஆறு கோடியே இருபது லட்சம் டன், அதில் முறையாகத் திரும்ப எடுக்கப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22.3 பங்குதான் என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கையைக் காட்டினான். பவர் சப்ளை இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன். “அது போனா அதை மட்டும் மாத்திக்கலாம் மாமா,” என்று சொல்லிவிட்டு ஆலங்காயம் பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.